ஒண்டுமில்லாததைப் பார்க்கிறவர்கள்

மலேரியா இல்லாத நாட்டுக்கு மலேரியாவைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனவள் நான். பெட்டிக்குள் கண்ணாடி ஸ்லைடுகள். ஒவ்வொன்றிலும் காய்ந்து, சாயம் ஏறி, செத்துப்போன ஒரு சொட்டு ரத்தம். செத்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

வடசென்னையில் ஒரு மலேரியா கிளினிக்கில் ரத்தம் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். காலையில் கதவு திறக்கும்போதே வெளியே வரிசை நிற்கும். துறைமுகத்துக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், தோளில் குழந்தையைச் சாய்த்த அம்மாக்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் மதியம்தான் எடுப்பேன். என் கண்ணுக்குத் தப்பிய கிருமி கிடையாது என்று எங்கள் கிளினிக்கில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று ஒரு கோஷ்டி சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இலங்கைக்காரர்கள் போர் நடக்கும்போதே மலேரியாவைக் குறைத்தார்கள். போர் முடிந்து சில வருடங்களில் அடியோடு ஒழித்து, அதற்குச் சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். ஒழித்ததில் ஒரு சங்கடம். புதிதாக வேலைக்கு வரும் லேப்காரர்களுக்குக் காட்ட ஒரு கிருமிகூட மிச்சமில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் அடையாளம் தெரிய வேண்டாமா? "உங்க ஊர்ல நிறைய இரிக்குதானே, கொஞ்சம் கொண்டு வந்து காட்டுங்க" என்று புத்தளம் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் போனில் கேட்டார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, திட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமலேயே சரி என்றேன்.

கொழும்பிலிருந்து போன பஸ்ஸில் கண்டக்டர் என் பெட்டியைப் பிடுங்கிப் பின்னால் சாமான்களோடு போடப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர், "அப்பிடி என்னத்த வச்சிரிக்கீங்க எண்டு கேக்குறார்" என்று தமிழில் சொன்னார்.

"மலேரியா" என்றேன்.

பெரியவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். கண்டக்டர் கையை எடுத்தார். சொன்ன பெரியவரும் எழுந்து மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேர் உட்காரும் இடம் முழுக்க எனக்கே கிடைத்தது. காலை நீட்டினேன், ஜன்னல் காற்று வந்தது, நன்றாகத் தூங்கிவிட்டேன். புத்தளத்துக்கு முன்னாலேயே பாலாவியில் இறங்க வேண்டியவளை எழுப்ப ஒருவரும் கிட்டே வரவில்லை. புத்தளம் பஸ் நிலையத்தில் கண்டக்டர் தூரத்தில் நின்று கையைத் தட்டி எழுப்பினார்.

என்னை அழைத்துப் போக பாலாவியில் காத்திருந்தவர் ரிஸ்வி. நான் தங்கப்போகும் வீட்டுக்காரர். வெங்காய மூட்டைகள் ஏற்றிய சின்ன லொறியோடு என்னைத் துரத்திக்கொண்டு புத்தளம் வந்து சேர்ந்தார். "உப்புக்காத்துல நிண்டு நிண்டு நானே கருவாடாப் போனேன் அக்கா" என்றார். நான் சிரிப்பதற்குள் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

உப்பளம், சிமெண்டு லொறி, ஒரு பக்கம் களப்பு என்கிற கடல் ஏரி, பிறகு மணலும் தென்னையும். கற்பிட்டிச் சாலையில் கழுதைகள் நடுவில் நிற்கின்றன. எங்கள் ஊரில் மாடு நின்றால் ஹாரன் அடித்துச் சாபமும் கொடுப்போம். ரிஸ்வி வண்டியை நிறுத்தி, கழுதை யோசித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

குறிஞ்சிப்பிட்டியில் அவர் மனைவி நஸ்ரின் வாசலில் நின்றாள். நாற்பதைத் தொட்ட பெண். பக்கத்து ஆஸ்பத்திரி லேபில் வேலை. என் வகுப்புக்கு வரப்போகிறவர்களில் ஒருத்தி. மகள் சஃப்னா தலைப்பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். இடியாப்பமும் நண்டுக்கறியும் சொதியும் சீனிச் சம்பலும் மேசையில் இருந்தன. நண்டை நான் உடைத்த வேகத்தைப் பார்த்து ரிஸ்வி, "மெட்ராஸ்ல நண்டே இல்லையா அக்கா?" என்றார். "இருக்கு. இவ்ளோ நல்ல மனசோட யாரும் போட மாட்டாங்க" என்றேன். இன்னும் இரண்டு விழுந்தன.

படுக்கப் போனால் கட்டிலுக்கு மேலே கொசுவலை. எனக்குச் சிரிப்பு வந்தது. "மலேரியாதான் ஒழிஞ்சுபோச்சே நஸ்ரின், இன்னும் எதுக்கு வலை?"

"பழகிட்டம் மிஸ். இந்த ஊர்ல வலை இல்லாம யாரும் படுக்க மாட்டாங்க."

"எனக்கு மூச்சு முட்டும்மா" என்று வலையைச் சுருட்டி மேலே போட்டுவிட்டேன். அவள் வலையை மறுபடி அவிழ்க்கக் கை நீட்டினாள். விருந்தாளியாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் நஸ்ரினின் ஆஸ்பத்திரியிலேயே வகுப்பு. மாவட்டத்தில் பல இடங்களிலிருந்தும் வந்த லேப்காரர்கள் ஆறேழு பேர். இங்கே நுண்ணோக்கியை நுணுக்குக்காட்டி என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. முதல் கேள்வி கேட்டேன்: "தினமும் என்ன பாக்குறீங்க?"

சிலாபம் பக்கத்திலிருந்து வந்த, சுரங்க என்று பெயருள்ள சிங்களப் பையன், பையன் என்ன, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல தமிழில் சொன்னான்: "ஒண்டுமில்லாததப் பாக்குறம் மிஸ்."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. உண்மையிலேயே அதுதான் வேலை. காய்ச்சல் என்று வருகிறவர்களின் ரத்தத்தை எடுத்து, கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, முழுக்கத் தேடி, ஒன்றுமில்லை என்று எழுதுகிறார்கள். மறுநாளும் அதையே. வருடக்கணக்காக. என் கிளினிக்கில் ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்காவிட்டால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு ஸ்லைடு கொடுத்தேன். புதுச்சேலை விரித்த மாதிரி எல்லோரும் வந்து மொய்த்தார்கள். "அல்லாஹ், இதானா அது" என்றாள் நஸ்ரின். பிறகு பரீட்சை வைத்தேன். நஸ்ரின் ஒரு ஸ்லைடைப் பார்த்து மலேரியா என்றாள். நான் பார்த்தேன். சிவப்பணு மேல் ஒரு பிளேட்லெட் ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். "இதையெல்லாம் மலேரியான்னா ஊர்ல பாதிப் பேருக்கு மாத்திரை குடுக்கணும்! அது அணு மேல உட்கார்ந்திருக்கு, உள்ள இல்ல. உள்ள இருந்தா அணுவே பெருத்துப்போயிருக்கும். கண்ணு எங்க வச்சிருக்க?" என்று கத்திவிட்டேன். வகுப்பே தலையைக் குனிந்தது. எனக்கு வாய் அப்படித்தான்.

சாப்பாட்டு நேரத்தில் பாண் ரொட்டியும் பருப்பும் எடுத்துக்கொண்டு அவளே என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு இந்தக் காய்ச்சல் எத்தின தரம் வந்திரிக்கு தெரியுமா மிஸ்? தொண்ணூறுல போர்ல எங்க முஸ்லிம் சனத்தையெல்லாம் மன்னார்லயிருந்து விரட்டி, இங்க ஓலைக் கொட்டில்ல கிடந்தம். நான் சின்னப் பிள்ளை. நடுங்குறப்ப உம்மா எனக்கு மேல ஏறிப் படுப்பா. மூத்த நானா அதுலதான் மவுத்தானார். அத உள்ளுக்க வச்சே வளந்தேன். ஆனா மூஞ்சிய இண்டைக்குத்தான் பாத்தேன்."

நானா என்றால் இவர்களுக்கு அண்ணன். சத்தம் போட்டதற்கு மன்னிப்பாக என் பருப்பை அவள் தட்டில் ஊற்றி, "நாளைக்கும் பாக்கலாம், நல்லாப் பாரு" என்றேன்.

மூன்றாம் நாள் மதியத்தோடு வகுப்பை முடித்து, கடலைக் காட்டப் பள்ளிவாசல்துறைக்குக் கூட்டிப்போனார்கள். கரையில் வலை காய்ந்தது. படகுக்காரர் ஒருவர் கணவாய் பொரித்துக் கொடுத்தார், தட்டை நக்காத குறை. திரும்பி வரும்போது குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொண்டது. லொறியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தேன். பிறகு உடம்பு கொதித்து, வேர்த்து, விட்டது. "வெயில். அதோட அந்தக் கணவாய்" என்று தீர்ப்புச் சொன்னேன். நஸ்ரின் இஞ்சி தட்டிப் போட்ட, பாலில்லாத பிளேன்டீ கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் ஜோராக எழுந்து தர்ப்பூசணி தின்று இரட்டை வகுப்பு எடுத்தேன். அடுத்த நாள், பாடத்தின் நடுவிலேயே, கையிலிருந்த ஸ்லைடு நடுங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் காய்ச்சல். இதை எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருதா?" என்று! என்னை நானே கேட்கவில்லை. மலேரியா இல்லாத நாட்டில் இருக்கிறேன், எனக்கு எப்படி வரும் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. கொசு கடித்தது சென்னையில், காய்ச்சல் வந்தது இங்கே. இந்தச் சின்னக் கணக்குக்கூட ஓடவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசு. ரத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் குறைந்திருப்பதைப் பார்த்தார். "டெங்கு போல இரிக்கு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, படித்த காலத்திலிருந்தே அவர் கண்ட காய்ச்சலில் பாதி டெங்குதான். ஆனால் அதே மூச்சில், "நஸ்ரின், மலேரியாவுக்கும் எடுங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "மலேரியான்னா எனக்குத் தெரியாதா டாக்டர்? நான் யாரு? இது டெங்குகூட இல்ல, வெயில்!"

நஸ்ரின் என் விரலைப் பிடித்துவிட்டாள். "வெளிநாட்டுல இருந்து வந்த ஆளுக்குக் காய்ச்சல் எண்டா ரத்தம் எடுக்கணும். மந்திரி வந்தாலும் எடுப்பம். நீங்க பேசாம இரிங்க மிஸ்." சுருக்கென்று குத்தினாள். அந்த ஊரில் அன்றுவரை என்னை யாரும் பேசாமல் இருக்கச் சொன்னதில்லை.

கட்டிலில் சாய்ந்து கிடந்தேன். பக்கத்து அறைதான் லேப். சாயம் கழுவும் சத்தம், கதிரை இழுக்கும் சத்தம், சுரங்கவின் சிரிப்பு. பிறகு சத்தம் நின்றது. ஒரு லேப் அப்படி நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? 

நஸ்ரின் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது, கண் மட்டும் மின்னியது. "பிளேட்லெட்டா எண்டு திருப்பித் திருப்பிப் பாத்தேன் மிஸ். மேல இல்ல, உள்ளுக்க இரிக்கு. அணு பெருத்திரிக்கு. சுத்திவரப் புள்ளி புள்ளியா இரிக்கு. சுரங்கவும் பாத்துட்டார். எல்லாரும் பாத்துட்டாங்க."

எழுந்து போனேன். சுரங்க நாற்காலியை விட்டுக்கொடுத்தான். கண்ணை வைத்தேன். மோதிரம் மாதிரி ஒன்று. கொஞ்சம் தள்ளி, வளர்ந்து கைகால் நீட்டியது ஒன்று. இன்னும் தள்ளி, கொசுவுக்குள் போகத் தயாராக உருண்டு நின்றது ஒன்று. விவாக்ஸ் வகை மலேரியா, சந்தேகமே இல்லை. எத்தனையோ பேருடைய ரத்தத்தில் பார்த்த பழைய ஆள். என் ரத்தத்திலிருந்து இப்போது என்னைப் பார்த்தது.

"சபாஷ்டி!" என்று கத்தி நஸ்ரினைக் கட்டிக்கொண்டேன். காய்ச்சல் உடம்போடு கட்டிக்கொண்டதில் அவளும் சூடாகிப்போனாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவர்கள் வாழ்க்கையில் தாங்களே பிடித்த முதல் கிருமி, அதுவும் வாத்தியாரம்மாவிடமிருந்து!

கைதட்டல் அடங்கியதும்தான் அந்த உருண்டையின் ஞாபகம் எனக்கு வந்தது. அது ரத்தத்தில் இருந்தால் கடிக்கிற கொசு எடுத்துக்கொண்டு போகும். நான் வலையைச் சுருட்டிப் போட்டுத் தூங்கியவள். அந்தக் கொசு அடுத்து யாரைக் கடிக்கும்? அடுத்த அறையில் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. நஸ்ரினுக்கும் அதே நேரத்தில் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். "சஃப்னா" என்றாள். 

அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தை மாதிரி அழுதேன். அண்ணனை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் வீட்டில் நண்டு தின்றுவிட்டு, அதே காய்ச்சலை அவள் பேரப்பிள்ளைக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறேனே! போர் நடந்தபோதும் ஒரு நாடு விடாமல் பாடுபட்டு ஒழித்ததை ஒரு தூக்கத்தில் கெடுத்த மகராசி என்று என் பேர் நிலைக்கப்போகிறதே!

என்னை ஆஸ்பத்திரியிலேயே வலைக்குள் போட்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் இருப்பதைக் கொல்ல ஒரு மருந்து. விவாக்ஸ் ஈரலுக்குள்ளும் சத்தமில்லாமல் தூங்கி, மாதக்கணக்கில் கழித்து எழும்பும். இந்தத் தூக்கத்தை ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணால் கண்டதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில்தான். அதற்கு இன்னொரு மருந்து. அதைக் கொடுக்குமுன் என் உடம்பு தாங்குமா என்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை. எங்கள் கிளினிக் வரிசையில் இவ்வளவு நிதானத்துக்கு எங்கே நேரம்? ஒரே ஒரு நோயாளிக்கு ஒரு மாவட்டமே எழுந்து நின்றது.

குறிஞ்சிப்பிட்டிக்கு அன்றைக்கே வேன் போயிற்று. வீட்டுக்கு வீடு ரத்தம் எடுத்தார்கள். சுவருக்கு மருந்து அடித்தார்கள். கிணற்றுக்குள் வாளி விட்டுக் கொசுப்புழு தேடினார்கள், அதைத் தின்ன மீன் விட்டார்கள். எல்லாம் ரிஸ்வி வந்து சொன்னார். ஊர் என்னைத் திட்டுகிறதா என்று கேட்டேன்.

"திட்டுறதா? பெருநாள் மாதிரி இரிக்கு அக்கா. சட்டி பானை எல்லாம் வெளிய, சனம் எல்லாம் வெளிய. இந்தியாவுல இருந்து வாறவங்க சாறி கொண்டு வருவாங்க எண்டு பாத்தா, நீங்க என்னத்தக் கொண்டு வந்தீங்க பாருங்க!"

அழுகையிலேயே சிரித்துவிட்டேன். அவரோடு பக்கத்து வீட்டு மேரியம்மாவும் செவ்விளநீர் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். போர்க்காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பஞ்சு ஒட்டிய விரலைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் கையை வீசி நிறுத்தினார்.

"உதென்ன கதை பிள்ளை? அங்க ஷெல் விழேக்கையும் ரத்தம் எடுக்க வந்தவை. மருந்து வண்டிய ரெண்டு பக்கமும் மறிக்கேல்லை. பங்கருக்குள்ள இருந்து விரல நீட்டினனாங்கள். இப்ப கதிரையில இருந்து நீட்ட ஏலாதே? இளநியக் குடியும்."

குடித்தேன். மலேரியாவை யார் ஒழித்தது என்று என்னிடம் கேட்டால், டாக்டர்கள், மருந்து, ஆராய்ச்சி என்று வரிசையாகச் சொல்லியிருப்பேன். நீட்டப்பட்ட விரல்களை எனக்குச் சொல்லத் தோன்றியிருக்காது.

சஃப்னா ரத்தத்தில் ஒன்றுமில்லை. ஊரில் யார் ரத்தத்திலும் ஒன்றுமில்லை. ஆனால் அது முடிவில்லை என்று லேபில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கொசுவுக்குள் கிருமி பழுக்க நாளாகும், பிறகு மனித உடம்பில் காய்ச்சலாக வர இன்னும் நாளாகும். வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். அதுவரை நஸ்ரின் தன் மகளின் ரத்தத்தைத் தானே நுணுக்குக்காட்டியில் தேட வேண்டும்.

கிளம்பும் நாளில் கேட்டாள், "பயத்துல என் கண்ணுக்குத் தப்பிட்டா என்ன செய்யிற அக்கா?" மிஸ் போய் அக்கா வந்திருந்தது.

"தப்பாது. என் கண்ணுக்கே தப்பினதை நீ பிடிச்சவ" என்றேன். மனசாரச் சொன்னேன். பெட்டியை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன். அதில் கடைசி இடம் காலியாக இருந்தது. சுரங்க என் ரத்த ஸ்லைடின் ஓரத்தைத் துடைத்து அங்கே செருகி மூடினான். இனி வரும் வகுப்புகளில் பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தான் விவாக்ஸ் படிக்கும். இதைவிடப் பெரிய விருது எனக்கு யார் கொடுக்கப்போகிறார்கள்?

சென்னைக்கு வந்த பிறகும் விட்டாளா அவள்? மிச்ச மாத்திரையைத் தினமும் போன் வீடியோவில் அவள் பார்க்கத்தான் விழுங்க வேண்டும். "வாயத் திறங்க அக்கா. நாக்கத் தூக்குங்க." எத்தனை நோயாளிகளை இப்படி மிரட்டியிருப்பேன்! மாத்திரை முடிந்தது. வாரங்கள் போயின. பிள்ளை பிறந்தது, பெண். படம் வந்தது. ஊர் ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று மட்டும் இன்னும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்கப் பயம்.

மீன் மார்க்கெட்டில் நண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நஸ்ரின்தான். பின்னால் குழந்தை அழுகை.

"கடைசி ரவுண்டும் பாத்து முடிச்சிட்டம் அக்கா. ஊர் முழுக்கப் பாத்துட்டம். சஃப்னாவையும் பாத்தேன், பேத்தியையும் பாத்தேன். ஒண்டுக்கு மூணு தரம் பாத்தேன்." மூச்சு வாங்கினாள். "ஒண்டுமில்ல!"

"ஒண்ணுமில்லையா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமே இல்ல அக்கா!"

"ஒண்ணுமில்லையாம்!" என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கக் கூவினேன். கையிலிருந்த நண்டு கூடையில் விழுந்தது. கண்ணீர் கொட்டியது. தராசைப் பிடித்திருந்த மீன்காரம்மா பயந்துபோய் எழுந்தே விட்டாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லையாம்மா! ஒண்ணுமே இல்லையாம்!"

"ஒண்ணுமில்லாததுக்கா இம்மாஞ் சத்தம்?"

"ஆமா" என்றேன். "அதுக்குத்தான்."